எஃப்-1 விசாவில் படிக்கும் மகள், கல்லூரி தரும் விளையாட்டுப் பணத்தை வாங்கலாமா?

வணக்கம். என் மகள் டெக்சாஸில் ஒரு கல்லூரியில் டென்னிஸ் ஆடுகிறாள். இரண்டாம் ஆண்டு, இந்திய பாஸ்போர்ட், எஃப்-1 மாணவர் விசா. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் மீது வீரர்கள் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற பிறகு கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்றாகிவிட்டது இல்லையா (முதல் ஆண்டு உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர்), அதில் இவளுக்கு ஆண்டுக்கு 6,000 டாலர் என்று ஒப்பந்தம் வந்திருக்கிறது. கூட ஆடும் அமெரிக்கப் பிள்ளைகள் மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். விடியற்காலையில் அதே கோர்ட்டில் நிற்பவள்தானே இவளும், எனக்கு மனசு ஆறவில்லை.

வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டோம், வக்கீலைப் பாருங்கள் என்றார்கள். ஒரு வக்கீல், இது வேலைக்கான ஊதியம், வாங்கினால் விசாவுக்கே ஆபத்து என்றார். இன்னொருவர், பெயரையும் படத்தையும் பயன்படுத்தும் உரிமைக்கான தொகைதான், வேலைக் கணக்கில் வராது என்றார். அப்புறம் பயிற்சியாளர், விடுமுறைக்குக் கோவை போகும்போது ஒப்பந்தத்துக்கான படப்பிடிப்பை அமெரிக்காவுக்கு வெளியே, அங்கேயே வைத்து முடித்துக்கொள்ளலாமே என்கிறார். எழுத்தில் தர மட்டும் யாரும் தயாராக இல்லை. பதில் சொல்ல இன்னும் 12 நாள்தான்.

எஃப்-1 விசாவில் இருந்துகொண்டே இப்படிக் கல்லூரியிடம் பணம் வாங்கி, பிறகு சிக்கலில்லாமல் விசாவைப் புதுப்பித்த பிள்ளைகள் உங்களுக்குத் தெரிந்து யாராவது உண்டா?