சீக்கோ 5 ராத்திரியில நின்னுபோவுது: சாவி ஏறலையா, ஸ்பிரிங் போச்சா?

டவுன்_கல்லாப்பெட்டி:
சீக்கோ 5 ஆட்டோமேட்டிக், பின் மூடியில 7எஸ்26-னு (உள்ள இருக்க இயந்திரத்தோட நம்பர்) போட்டிருக்கு. காலை 9 மணியில இருந்து ராத்திரி 8 வரை கையில கிடக்கு. கல்லாவுல உக்காந்து பில் போடுத வேலை. கழட்டி வச்சா விடியக்காலம் 4 மணிக்கெல்லாம் நின்னுபோவுது. சாவியை எவ்வளவு திருகினாலும் ஏற மாட்டேங்குது. உள்ள ரோட்டர் (கை ஆட ஆடச் சுத்தி ஸ்பிரிங்கை ஏத்துத அரைவட்டத் தகடு) சத்தமும் கூடியிருக்கு. வாட்சை ஓட்டுத மெயின் ஸ்பிரிங்கை மாத்தணும்னு ரிப்பேர் கடையில சொல்லுதாங்க. மாத்தத்தான் வேணுமா?

பாளை_ஐகிளாஸ்:
அண்ணாச்சி, சாவி ஏறலைங்கிறது கோளாறே இல்ல. 7எஸ்26-ல கையால சாவி கொடுக்க வழி கிடையாது. நேரம், தேதி, கிழமை மாத்தத்தான் அந்தத் திருகு.

ஸ்பிரிங்குக்குக் காசு கொடுக்க முன்னாடி ஒண்ணு செய்யச் சொல்லுங்க. பின் மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கை முறுக்குத ராட்செட் சக்கரத்தோட நடுத் திருகாணியை வலஞ்சுழியா 8 சுத்து சுத்தினா ஸ்பிரிங் முழுசா ஏறிரும். டிரைவர் முனை காடியில சரியா உக்காரணும். வழுக்கினா நேரா பாலன்ஸ்ல (முன்னும் பின்னும் ஆடுத சக்கரம்) போய் இடிக்கும், பொறவு செலவு வேற. மூடியைப் போட்டு மேசையில மல்லாக்க வச்சிருங்க, கையில கட்டக்கூடாது.

40 மணி நேரம் தாண்டி ஓடினா ஸ்பிரிங் நல்லாருக்கு, குறை ஸ்பிரிங்கை ஏத்துத பாகங்கள்லதான். 20, 25 மணி நேரத்துல நின்னா பேரலை, அதாவது ஸ்பிரிங் இருக்க டப்பாவைத் திறந்து பாக்கணும். ஆட்டோமேட்டிக்ல ஸ்பிரிங்கோட வெளி நுனி கொக்கியில மாட்டியிருக்காது. பேரல் சுவரை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு நிக்கும், முழுசா ஏறினதும் வழுக்கி விடும். அந்தச் சுவருக்குன்னு பிடிமானம் உள்ள தனி கிரீஸ் இருக்கு. நல்லா வழுக்கட்டும்னு சாதா கிரீஸைப் பூசுனா பாதி ஏறும்போதே வழுக்கிரும். புது ஸ்பிரிங் போட்டும் அதே கதைதான்.

மேலப்பாளையம்_ரோட்டர்:
பாளைக்காரர் சொன்னதுல தப்பில்ல. ஆனா சத்தம் கூடியிருக்குன்னு எழுதியிருக்காரே, அதையில்லா முதல்ல பாக்கணும்? திறந்ததும் மூடியோட உள்பக்கத்தை வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க. வட்டமா பளபளன்னு கீறல் இருந்தா, ஓரத்துல கறுப்பா பொடி படிஞ்சிருந்தா, ரோட்டர் தொங்கி மூடியில உரசுது. ரோட்டரோட நடுத் திருகாணி லூசாயிருக்கலாம், பால் பேரிங் தேஞ்சிருக்கலாம். வாட்சைச் செங்குத்தாப் பிடிச்சு மெதுவா சுத்துங்க: கனமான பக்கம் எப்பவும் கீழயே நிக்கணும். எங்கேயாவது மாட்டி நின்னா அங்கதான் உரசல்.

அடுத்தது மேஜிக் லீவர், ரோட்டர் சுத்துததை ஸ்பிரிங் ஏறுததுக்குக் கடத்துத ரெண்டு கை லீவர். ராட்செட் சக்கரத்துல மார்க்கர் பேனாவால ஒரு புள்ளி வச்சு, ரோட்டரை இடப்பக்கம் 20 சுத்து, வலப்பக்கம் 20 சுத்து விடுங்க. புள்ளி ரெண்டு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவு நகரணும். கொஞ்சமாத்தான் நகரும், பொறுமையாப் பாக்கணும். நகரவே இல்லைன்னா லீவரோட கை பல்லைச் சரியாப் பிடிக்கல. பல்லுல யாராவது கெட்டி கிரீஸை அப்பியிருந்தாலும் இப்படித்தான்.

தென்காசி_டிக்டிக்:
வேற இயந்திரம் வச்சிருக்கவங்க இதை அப்படியே எடுத்துக்கிடாதீங்க. மியோட்டா 8215 ஒரு பக்கம் சுத்தினாத்தான் ஏறும். மறுபக்கம் விர்ருன்னு சும்மா சுத்தும், அதுதான் அதோட பிறவிக்குணம். ஈட்டா 2824 ரெண்டு பக்கமும் ஏறும். அதுல கையால சாவி கொடுக்கும்போது ரோட்டரும் கூடவே சுத்தினா ரிவர்சிங் சக்கரம் (ரோட்டர் எந்தப் பக்கம் சுத்தினாலும் ஸ்பிரிங்கை ஏத்த வைக்கிதது) அழுக்கு. உடனே நிறுத்திருங்க. மேற்கொண்டு திருகினா பல்லு போயிரும்.

டவுன்_கல்லாப்பெட்டி:
கடையில வச்சே பாத்தாச்சு. மேசையில 43 மணி நேரம் ஓடுச்சு. மூடியில வட்டக் கீறல் இருக்கு. புள்ளி ரெண்டு பக்கமும் நகருது.

மேலப்பாளையம்_ரோட்டர்:
அப்ப ஸ்பிரிங்கை விட்டுருங்க. ரோட்டர் திருகாணியை இறுக்கி, ஓரத்தைக் குச்சியால லேசா மேலயும் கீழயும் அசைச்சுப் பாக்கச் சொல்லுங்க. இறுக்கின பொறகும் ஆடினா பேரிங் போச்சு, ரோட்டரை மாத்திருங்க. உதிர்ந்த பொடி சக்கரங்களுக்குள்ள போயிருக்கும், அதனால முழு சர்வீஸும் சேர்த்துப் பண்ணுங்க. முடிஞ்சதும் டைம்கிராஃபர்ல (டிக் சத்தத்தைக் கேட்டு ஓட்டத்தை அளக்குத கருவி) லிஃப்ட் ஆங்கிள்ங்கிற செட்டிங்கை 53 டிகிரி வச்சு அளக்கணும். முழுசா ஏத்தி மல்லாக்க வச்சு ஆம்ப்ளிட்யூட் (பாலன்ஸ் ஆடுத கோணம்) 250 டிகிரிக்கு மேல வந்தா நல்லது. 200-ஐத் தொடலைன்னா வாங்காம திரும்பக் கொடுங்க.

மூடி கேஸ்கெட்டும் (தண்ணி புகாம தடுக்குத ரப்பர் வளையம்) புதுசாப் போடச் சொல்லுங்க. பிரஷர் டெஸ்ட் பண்ணாம குத்தாலத்துல அருவிக்கு அடியில கொண்டுபோய் நிக்காதீங்க.

கல்லா வேலைக்குக் கை அதிகம் ஆடாது. ராத்திரி கழட்ட முன்னாடி அரை நிமிஷம் பக்கவாட்டுல வீசி ஆட்டிட்டு வைங்க. குலுக்க வேண்டாம்.