ஓவியர் வரைந்த உடைக்குள் ஆடுபவர் எப்படி அசைந்தார்?

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை):
பள்ளி ஆண்டு விழாக்களுக்கு நடன உடை தைத்துக் கொடுப்பது என் தொழில். சென்ற மாதம் எம்.சி. ரோட்டில் வாங்கிய கேன்வாஸில் அட்டையை ஒட்டி, அடுக்குமாடிக் கட்டடம் போன்ற உடையொன்றைச் செய்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒத்திகையில் அந்தச் சிறுமியால் கையைத் தோளுக்கு மேல் தூக்கவே முடியவில்லை. பிக்காசோ முதலிய ஓவியர்கள் பாலே நடனத்துக்கு உடை அமைத்ததாக அறிகிறேன். இந்தச் சிக்கலை அவர்கள் எப்படித் தீர்த்தார்கள்?

பதில் 1:
பிக்காசோ தீர்க்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. 1917 மே மாதம், தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு பாரிஸில் மேடையேற்றிய 'பரேட்' நடனத்தில் அவர் செய்த மேலாளர் (காட்சிக்குக் கூவி ஆள் சேர்ப்பவர்) வேடங்கள் ஏறத்தாழ 3 மீட்டர் உயரம் கொண்டவை. அமெரிக்க மேலாளரின் முதுகில், உங்கள் உடையைப் போலவே, வானளாவிய கட்டடங்கள் நின்றன. உள்ளே இருந்தவரால் நளினமாக ஆட இயலாது என்பதால், மாசின் அமைத்த நடனத்தில் அவர்கள் தரையை ஓங்கி மிதித்தார்கள். மூன்றாம் மேலாளர், இருவர் உள்ளிருந்து ஆடும் குதிரையின்மேல் ஏற்றிய பொம்மை; ஒத்திகையிலேயே அது சரிந்துவிட, குதிரை மட்டும் ஆடியது. ஆகவே நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

பதில் 2:
எல்லோரையும் அப்படிச் சொல்லிவிட முடியாது. அதே குழுவின் 1910 ஆம் ஆண்டு 'ஷெஹரசாத்' நடனத்துக்கு உடை வரைந்த லியோன் பாக்ஸ்ட், இடுப்பை இறுக்கும் குட்டைப் பாவாடையை ஒதுக்கிவிட்டு, தொளதொளத்த கால்சட்டையும் மெல்லிய துணியும் கொடுத்தார். உடல் திரும்பிய பிறகும் துணி சற்று நேரம் சுழலும்படி அமைத்த அவரே, என் கருத்தில், தையற்காரரின் கண் உள்ள ஓவியர்.

பதில் 3 (வியாசர்பாடி):
ஜெர்மானியரான ஓஸ்கர் ஷ்லெம்மர் இந்தக் கேள்வியையே தலைகீழாக்கினார். 1922 இல் ஷ்டுட்கார்ட்டில் அரங்கேறிய அவருடைய 'மும்மை பாலே'யில் 3 பேர், 18 உடைகளில், 12 நடனங்களை ஆடினார்கள். முதலில் உடை, பிறகு அதற்கேற்ற இசை, அவ்விரண்டிலிருந்தும் நடனம் என்பதே அவர் முறை. கம்பிச் சுருளைப் பாவாடையாக அணிந்தவர் அதன் விட்டத்துக்கு ஏற்பத்தானே அடி வைக்க முடியும்? நம் தெருக்கூத்திலும், கிரீடமும் தோளணியான புஜக்கட்டையும் கட்டிய வேடக்காரர் தோளை அசைக்காமல், காலாலும் சுழற்சியாலும்தான் ஆட்டத்தைக் காட்டுகிறார். அக்குளில் கிராஸ் பீஸ் (குறுக்காக வெட்டிய துணித்துண்டு) வைத்துப் பாருங்கள். அப்படியும் கை எழும்பாவிட்டால், நடன ஆசிரியரிடம் அசைவை மாற்றச் சொல்லுங்கள்.

கேட்டவர்:
கிராஸ் பீஸ் வைத்ததில் கை காதுவரை வந்தது. மிச்சத்துக்கு டீச்சர் ஒரு சுற்றுச் சேர்த்துவிட்டார். சுற்றும்போது மூன்றாம் மாடி அட்டை மட்டும் பிய்கிறது, அதை இன்றிரவு கையால் தைக்க வேண்டும்.