'வடக்குத் தெரு வீடு' குழு: கார்த்திகைப் படம்

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். தை பிறந்ததும் ஓட்டைப் பிரிக்க ஆள் பேசியாயிற்று. பழைய வீட்டில் இதுதான் கடைசிக் கார்த்திகை. வாசலில் அகல் வைத்து, அம்மாவை நடுவில் உட்காரவைத்து, எல்லோரும் இருக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும். பெரிதாகப் போட்டுப் புது வீட்டில் மாட்டலாம். போட்டோக்காரரிடம் சொல்லிவிடவா?

ராஜி அத்தை: ஆள் பேசியாயிற்றா? எப்போது?

சித்தப்பா: நல்ல யோசனை அண்ணா

சித்தி: அக்கா, போனில் பேசலாம்

அப்பா: போட்டோக்காரர் எதற்கு? கவின் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இரண்டாம் வருஷம். ஃபீஸ் கட்டுகிறேனே.

கவின்: நான் எடுக்கிறேன் பெரியப்பா. குறைந்த வெளிச்சத்தில் எடுக்கிற அசைன்மென்ட் ஒன்றும் இருக்கிறது.

ராஜி அத்தை: யார் எடுத்தாலும் சரி. அண்ணாவின் அறுபதாம் கல்யாணத்தில் உன் மாமாவைப் பாதியில் வெட்டிய ஆள் மட்டும் வேண்டாம்

மாமா: ஆல்பத்தில் என் வலது கை மட்டும் இருக்கிறது. மோதிரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தோம்.

அகிலா: ஹாஹா மாமா

பெரியப்பா: அது பைண்டிங்கில் போனது. எத்தனை தடவை சொல்வது.

கவின்: நேரம்தான் முக்கியம், எல்லோரும் கவனியுங்கள். இந்தச் சமயத்தில் நம் ஊரில் 5:45 வாக்கில் சூரியன் மறையும். அதன் பிறகு இருபது நிமிஷம்போல வானம் கருநீலமாக இருக்கும். அப்போது வானத்து வெளிச்சமும் அகல் வெளிச்சமும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்கும். ஓடும் தெரியும், சுடரும் தெரியும். ஏழு மணிக்கு எடுத்தால் சுடர் மட்டும் புள்ளி புள்ளியாக விழும், வீடே கறுப்பில் போய்விடும். அதனால் 5:50-க்கே எல்லா விளக்கும் எரிய வேண்டும்.

சித்தி: பாட்டி சொல்லச் சொன்னார்கள். திருவண்ணாமலையில் மலைமேல் ஏற்றுவதை டிவியில் பார்த்த பிறகுதான் இங்கே தீக்குச்சியைத் தொட வேண்டுமாம்

கவின்: அது 6 மணிக்கு

சித்தி: ஆமாம், 6

கவின்: சரி, ஆறு என்றால் சமாளிக்கலாம். ஆனால் மற்ற அகல்களை ஏற்ற எவ்வளவு நேரமாகும்?

சித்தப்பா: போன வருஷம் காற்றில் அரை மணி. ஏற்ற ஏற்ற அணைந்தது

அகிலா: நாலு பேர் ஏற்றினால் ஐந்து நிமிஷம்

சித்தி: முதல் விளக்கு பாட்டி. அப்புறம் யார் வேண்டுமானாலும்.

பெரியப்பா: வாசல் டியூப்லைட்டைப் போட்டுக்கொள்ளலாமே. முகம் தெளிவாக விழும்.

கவின்: ஐயோ வேண்டாம் பெரியப்பா. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள். எண்ணெய் விளக்கு 1900 கெல்வின் வாக்கில், நல்ல மஞ்சள். டியூப்லைட் அதைவிட ரொம்ப வெள்ளை. இரண்டும் கலந்தால் ஒரு கன்னம் மஞ்சள், ஒரு கன்னம் நீலம். ஃப்ளாஷும் கூடாது, அடித்தால் சுடரே செத்துவிடும். கேமராவை ஆட்டோவில் விட்டால் அந்த மஞ்சளைக் குறைக்கப் பார்க்கும். அதனால் ஒயிட் பேலன்ஸை, அதாவது நிறத்தைச் சரிக்கட்டும் அமைப்பை, டேலைட்டில் வைக்கப்போகிறேன். கேமரா பதிவதை அப்படியே வைத்திருக்கும் RAW ஃபைலாக எடுப்பதால் பிறகும் திருத்திக்கொள்ளலாம்.

அப்பா: எங்கள் முகம் தெரியுமா தெரியாதா?

சித்தப்பா: பி.சி.ஸ்ரீராம் லைட்டிங் அண்ணா. பாதி முகம் தெரிந்தால் போதும்

மாமா: எனக்குப் பாதி கிடைத்தாலே லாபம்

அகிலா: கவின், என் போனில் நைட் மோட் இருக்கிறதே?

கவின்: அது பல ஃபிரேம்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறது அக்கா. அசையாத பொருளுக்கு நன்றாக வரும். பாப்பா ஓடினால் இழுத்துக்கொள்ளும்.

ராஜி அத்தை: பாப்பாவை யார் பிடிப்பது

கவின்: லென்ஸ் விஷயம். நண்பனிடம் 50 எம்எம் எஃப்/1.8 கேட்டிருக்கிறேன். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். கேமராவோடு வந்த கிட் லென்ஸின் எஃப்/3.5-ஐவிடக் கிட்டத்தட்ட நாலு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஆனால் அது பாட்டியைத் தனியாக எடுக்கத்தான். குரூப்பை 1.8-ல் எடுத்தால் முன் வரிசை மட்டும் ஷார்ப்பாக இருக்கும், பின் வரிசை மங்கிவிடும். அந்த லென்ஸ் குறுகலாகத்தான் காட்டும், எல்லோரையும் அடக்க நம் தெருவில் பின்னால் போக இடமும் இல்லை, எதிர்வீட்டுக் கொல்லைக்கே போக வேண்டும். குரூப்புக்குக் கிட் லென்ஸ், எஃப்/4, ட்ரைபாட், ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 1600, 1/15 வினாடி. 'இப்போ' என்றால் யாரும் மூச்சுகூட விடக்கூடாது. இருட்டினால் ஐஎஸ்ஓ 3200. கொஞ்சம் புள்ளி விழுந்தால் பரவாயில்லை, தலை அசைந்தால் திருத்தவே முடியாது. 1975-ல் வந்த 'பேரி லிண்டன்' படத்துக்கு இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சி எடுத்தார், நாசாவுக்காக செய்ஸ் செய்த எஃப்/0.7 லென்ஸில்

சித்தப்பா: அதன் விலை என்ன? உங்கப்பா வாங்கித் தருவார்

அப்பா: நீ போன தீபாவளிக்குக் கடன் வாங்கியதைக் கொடு, வாங்குகிறேன்

சித்தப்பா: நெட்வொர்க் சரியில்லை

பெரியப்பா: எல்லோரும் வரிசையாக நின்றால் போதும். உயரமானவர்கள் பின்னால்.

கவின்: ரேஷன் கடை வரிசை மாதிரி ஆகிவிடும் பெரியப்பா. ஆட்களை மூன்றில் ஒரு பங்கில் தள்ளி வை என்று வகுப்பில் சொல்வார்கள். ஆனால் நம் வீட்டில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் திண்ணை, நடுவில் நிலை. அதனால் பாட்டி நடுவிலேயே இருக்கட்டும், நிலைவாசலே சட்டம் போட்ட மாதிரி நிற்கும். கோலத்திலிருந்து படி வரை அகல் வரிசை போனால் பார்க்கிறவர் கண் நேராகப் பாட்டியிடம் போகும். திண்ணையில் சிலர் உட்கார்ந்து, சிலர் தூணில் சாய்ந்து, ஏற்ற இறக்கமாக. கறுப்பு, கருநீலம் உடுத்த வேண்டாம், பின்னால் கரைந்துவிடும்.

ராஜி அத்தை: கருநீலப் பட்டுக்கு இப்போதுதான் ஃபால்ஸ் வைத்தேன்

கவின்: இன்னொன்று. அகல் எல்லாம் தரையில் இருப்பதால் வெளிச்சம் கீழிருந்து முகத்தில் ஏறும். மூக்கு நிழல் நெற்றிக்குப் போய்ப் பேய்ப்படம் ஆகிவிடும். அதனால் பாட்டிக்கு இடதுபுறம் முக்காலிமேல் குத்துவிளக்கு, முகமட்டத்துக்கு, ஐந்து திரியும் போட்டு. அந்தப் பெரிய பித்தளை விளக்குதான் சரி.

ராஜி அத்தை: அது யார் வீட்டில் இருக்கிறது என்று பெரிய அண்ணி சொல்லட்டும்

சித்தி: கவின், முக்காலி பரணில் இருக்கிறது

பெரியப்பா: விளக்கைக் கழுவக் கொடுத்திருக்கிறோம். பார்க்கலாம்.

ராஜி அத்தை: மூன்று வருஷமாகவா

கவின்: சின்ன விளக்கும் போதும் அத்தை. அப்புறம் அகிலா அக்கா, இருட்டில் கேமராவுக்கு ஃபோகஸ் கிடைக்காமல் முன்னும் பின்னும் தேடும். நீங்கள் பாட்டி முகத்தில் ஒரு நொடி டார்ச் அடியுங்கள். ஃபோகஸ் பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிடுவேன்.

சித்தி: பாட்டிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாள்தான் ஆகிறது

கவின்: அப்படியென்றால் முகம் வேண்டாம், புடவைக் கரையில் அடிக்கலாம். முந்தானை முகத்துக்கு நேராக இருந்தால் போதும்.

மாமா: மழை பெய்தால்?

அப்பா: முற்றத்தைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம்.

சித்தப்பா: அங்கே ஓடு ஒழுகுகிறது

பெரியப்பா: அதனால்தானே பிரிக்கிறோம். சரி, 5:30-க்கு எல்லோரும் வாசலில். சொக்கப்பனை பார்க்கப் போகிறவர்கள் படம் முடிந்த பிறகு.

சித்தப்பா: சொக்கப்பனைக்கு ஓலை வெட்டுவதே நான்தான். ஆறுக்கு வர முடியாது

கவின்: சித்தப்பா!

சித்தி: பொரி உருண்டைக்கு வெல்லம் யார் வாங்கி வருகிறீர்கள்? போன தடவை பாகு பதம் தவறிக் கல்லாகிவிட்டது, அதற்கு வெல்லம்தான் காரணம்