படிகம் அப்படியே இருக்க, வலி மட்டும் எப்படித் தணிகிறது?

வணக்கம். நோயெதிர்ப்பியல் படித்தவர்கள், மூட்டுவாத மருத்துவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

அப்பாவுக்கு கவுட் (யூரிக் அமிலப் படிகங்கள் மூட்டில் படிவதால் வரும் மூட்டுவாதம்). போன மாதம் நடுராத்திரியில் கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் துடித்துப்போனார். உள்ளே என்னதான் நடக்கிறது என்று அன்றிலிருந்து தேடிப் படிக்கிறேன்.

புரிந்தவரை சொல்கிறேன். ரத்தத்தில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படியலாம். அங்கிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் அவற்றை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. செல்லுக்குள் என்எல்ஆர்பி3 இன்ஃப்ளமசோம் என்ற, அழற்சியைத் தூண்டும் புரதத் தொகுப்பு விழித்துக்கொள்கிறது (லோசான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் காட்டியது). இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதம் வெளியேறுகிறது. அந்த அழைப்பில் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. கவுட் வலிக்குக் கொடுக்கும் கால்சிசின் மருந்து இவற்றின் நடமாட்டத்தைத்தான் தடுக்கிறதாம்.

சரி, என் குழப்பம் இதுதான். படிகம் அங்கேயேதான் இருக்கிறது. ஆனாலும் மருந்தே இல்லாமல்கூட ஒன்றிரண்டு வாரத்தில் வலி தணிகிறது. நியூட்ரோஃபில்கள் தங்கள் டிஎன்ஏவை வலைபோல விரிக்கின்றன, அந்த வலைகள் திரண்டு அழற்சிப் புரதங்களைச் சிதைக்கின்றன என்று ஒரு விளக்கம் பார்த்தேன். வீக்கத்தைக் கிளப்பியவையே அதை அடக்கவும் செய்கின்றன என்றால் அற்புதம்தான். அப்படியானால் அடுத்த தாக்குதலை எது தூண்டுகிறது? யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோபியூரினால் மருந்தைத் தொடங்கிய முதல் சில மாதங்களில் வலி திரும்பலாம் என்கிறார்களே, கரையும் படிகங்கள்தான் காரணமா?

எளிய தமிழ்க் கட்டுரையோ காணொளியோ இருந்தாலும் அனுப்புங்கள், அப்பாவுக்கும் காட்ட வேண்டும். மருந்து யோசனை வேண்டாம், அதை அவருடைய மருத்துவர் பார்த்துக்கொள்கிறார்.