மறு: ஜிப் பிரிக்கும்போது கோப்புப்பெயரை விடாமல் வைத்திருப்பதற்கு என்ன சொல்?

வணக்கம்.

பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டிய ஜிப்பைப் பிரிக்கும்போது, கோப்புப்பெயரை அப்படியே வைத்திருப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது கேள்வி. அதற்குச் சொல்லப்பட்ட ‘கோப்புப்பெயர் பாதுகாப்பு’ எனக்கு ஒத்துவரவில்லை. பாதுகாப்பு என்றதும் கடவுச்சொல்லும் பூட்டும்தான் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு, ஜிப்புக்குள் இருக்கும் பெயரைக் கேள்வி கேட்காமல் ஏற்பதே ஒரு பாதுகாப்பு ஓட்டை: பெயரில் ‘../’ (ஒரு படி மேலே உள்ள கோப்புறைக்குப் போ என்று பொருள்) இருந்தால், நாம் காட்டிய கோப்புறையைத் தாண்டிப் போய் எழுதிவிடும். 2018-இல் ‘ஜிப் ஸ்லிப்’ என்று பேசப்பட்டது இதுதான். ‘தக்கவைப்பு’ என்ற சொல்லோ, தரவை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற பொருளுக்குப் போய்விட்டது. அதனால் என் ஓட்டு ‘பேணல்’. பெயர் பேணல், பெயரைப் பேணு. பொத்தானிலும் அடங்கும்.

சரி, எந்தப் பெயரை? கிளை07.ஜிப், கிளை12.ஜிப் என்று இரண்டு வருகின்றன. இரண்டுக்குள்ளும் இருப்பது விற்பனை.சிஎஸ்வி. உள்ளிருக்கும் பெயரை மட்டும் பேணி ஒரே கோப்புறையில் கொட்டினால், பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிடும். மைக்ரோசாஃப்ட்டின் தரவு நகர்த்தும் சேவையான அஜூர் டேட்டா ஃபேக்டரியில் இதற்கென்றே ஒரு தெரிவு உண்டு. ஜிப்பின் பெயரில் கோப்புறை போட்டு, அதற்குள் பிரித்து வைக்கும். நாம் எதையும் தொடாவிட்டால் அப்படித்தான் நடக்கும். அந்தத் தெரிவை அணைத்தால் பெயர் மோதலை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். தரவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடவிடும் கருவியான அப்பாச்சி நைஃபையில், உள்ளிருந்த பெயர் கோப்புப்பெயர்ப் பண்பில் (கோப்போடு கூட வரும் விவரத்தில்) வந்து உட்காரும். ஜிப்பின் பெயர், ‘.ஜிப்’ என்ற வால் வெட்டப்பட்டு, வேறொரு பண்பில் இருக்கும்.

ஆகவே இரண்டு சொல் வேண்டும்: ஜிப்பின் பெயருக்கு வெளிப்பெயர், உள்ளிருக்கும் கோப்பின் பெயருக்கு உட்பெயர். வெளிப்பெயருக்கு ‘பொதிப்பெயர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார்; லினக்ஸ்காரர்கள் பொதியை மென்பொருள் தொகுப்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். வெளிப்பெயர் என்றால் டார், ஜிஜிப் போன்ற மற்ற வடிவங்களுக்கும் சேர்த்தே பொருந்தும். ஜிப்பை ஜிப் என்றே விடலாம், பிடிஎஃப்பை விட்டதுபோல.

குறியாக்கமும் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையும்) பேணலில் அடங்குமா என்ற கேள்விக்கு: அடங்க வேண்டும். பெயர் யுடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்டிருந்தும், ஜிப் தலைப்பில் 11-ஆம் பிட் அதைச் சொல்லாவிட்டால், பைத்தானின் ஜிப் நிரல்கூடம் பெயரைத் தமிழ் எழுத்தே இல்லாத பழைய 437 குறிப்பக்கமாகப் படிக்கும். தமிழ்ப் பெயரின் ஒவ்வொரு குறியும் கிரேக்க ஆல்பாவில் தொடங்கும் மூன்று குறிகளாக வந்து நிற்கும். கோப்பு பத்திரமாக இருந்தாலும் உட்பெயர் பேணப்படவில்லை என்றே அதைச் சொல்வேன்.

மீதி ஒன்று: ‘2024/மே/விற்பனை.சிஎஸ்வி’ என்று இருந்தால் முழுவதும் உட்பெயரா, கடைசித் துண்டு மட்டுமா? நைஃபை பாதையைத் தனியாகப் பிரித்து வைக்கிறது. அந்தக் கோப்புறைப் பகுதிக்கு ‘உட்பாதை’ என்று மூன்றாவது சொல் ஒன்றும் போட்டுவிடலாம் என்பது என் எண்ணம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.