மறு: 'டாப் பார்' தேனீப்பெட்டிக்குத் தமிழில் என்ன பெயர்?

வணக்கம் நண்பர்களே,

குறுக்கே அடுக்கிய கட்டைகளில் தேனீ தானாகத் தேனடை கட்டும் 'டாப் பார்' பெட்டிக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். பெரும்பாலானவர்கள் 'மேல்சட்டப் பெட்டி' போதும் என்கிறீர்கள். அது முடிவாகிவிடும் முன் என் மறுப்பைச் சொல்லிவிடுகிறேன். குலசேகரம் பக்கம் பதினான்கு வருடமாகத் தேனீ வளர்க்கிறேன். புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பதே "எந்தப் பெட்டி வாங்கலாம் அண்ணா?" என்பதுதான். பெயர் தப்பினால் பெட்டியும் தப்பிவிடும். போன மாசியில் அதுதான் நடந்தது.

பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் எங்கோ படித்துவிட்டு, 'மேல்சட்டப் பெட்டி' ஒன்று வேண்டும் என்று ஆசாரியிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஆசாரி, நம் ஊர்த் தேனீக்கான சட்டம் வைத்த நியூட்டன் பெட்டி செய்தே கை பழகியவர். அவருக்குச் சட்டம் என்றால் நாலு பக்கமும் கட்டை வைத்து அடித்த சட்டம். அதில் மேலே, இரண்டு முனையும் நீட்டிக்கொண்டு பெட்டியின் விளிம்பில் உட்காரும் கட்டைதான் மேல்சட்டம். "அது எல்லாப் பெட்டியிலும் இருக்கே தம்பி" என்றவர், சரி, மேலே இன்னொரு அடுக்கு கேட்கிறார் போல என்று நினைத்து, நியூட்டன் பெட்டிக்கு இரண்டு தேனறை (தேன் சேரும் மேலடுக்கு) வைத்துக் கொடுத்துவிட்டார். ஆசாரியைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெயரைக் கேட்டால் யாரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

> சட்டம் ஏற்கெனவே வழக்கில் இருக்கும் சொல். அதை விட்டு வேறு எதற்கு?

வழக்கில் இருப்பதுதான் சிக்கல் ஐயா. டாப் பார் பெட்டியில் சட்டமே கிடையாது, அதுதான் அதன் அடையாளம். நீளமான ஒரு தொட்டி, அதன்மேல் இடைவெளி விடாமல் அடுக்கிய கட்டைகள், ஒவ்வொரு கட்டைக்கும் கீழே தேனீ தானாகக் கட்டித் தொங்கவிடும் அடை, அவ்வளவுதான். பக்கத்திலும் அடியிலும் அடையைத் தாங்க ஒன்றும் இல்லை. இந்த ஏற்பாடு சட்டப் பெட்டியைவிடப் பழையது. லாங்ஸ்ட்ராத் அமெரிக்காவில் தன் சட்டப் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கியது 1852-ல். கிரேக்க நாட்டில் கூடையின் வாயில் கட்டைகளை அடுக்கித் தேனீ வளர்த்ததை 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயப் பயணி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். 1970-களில் கென்யாவில் பக்கங்கள் சாய்வாக இருக்கும் பெட்டியாக அது மறுபடி உருவெடுத்தது. இன்றைக்கு உலகம் முழுக்கப் பரவியிருப்பது அந்தக் கென்ய வடிவம்தான்.

என் பரிந்துரை: கட்டைக்கு 'விட்டம்', பெட்டிக்கு 'விட்டப்பெட்டி'.

வீட்டுக் கூரையைத் தாங்கக் குறுக்கே போடும் மரம் விட்டம். இங்கேயும் பெட்டிக்குக் குறுக்கே கிடப்பது அதுதான், அடை தொங்குவதும் அதிலிருந்துதான். சொல்லைக் கேட்டதுமே படம் மனதில் வந்துவிடுகிறது. இன்னொன்று, கலைச்சொல் அகராதியில் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. பெட்டியைத் திறந்து வைத்து, கையில் புகைப்பானோடு பக்கத்தில் நிற்பவரிடம் சொல்ல வர வேண்டும். "மூணாவது விட்டத்தைத் தூக்கு", "வெறும் விட்டம் ரெண்டு கொடு" என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடங்கவில்லை. 'மேற்கட்டைக் கூடு' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கூடு என்று நான் பழகிய தேனீ வளர்ப்பவர்கள் சொல்வதில்லை. எத்தனை பெட்டி வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்போம்.

> 'தொங்கடைப் பெட்டி' அழகாக இருக்கிறதே?

சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் மரப்பொந்திலும் நியூட்டன் பெட்டியிலும்கூட அடை தொங்கத்தான் செய்கிறது. வேறுபாடு எதிலிருந்து தொங்குகிறது என்பதில் இருக்கிறது.

> விட்டம் என்றால் வட்டத்தின் விட்டம் என்று குழம்ப மாட்டார்களா?

தேனீப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யாரும் வட்டம் வரைவதில்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்வது நமக்குப் புதிதும் இல்லை. சங்கப் பாட்டில் இறால் என்றால் தேனடை, இன்றைக்குச் சந்தையில் இறால் என்றால் கடலில் பிடிப்பது.

இழையைத் தொடங்கிய தங்கை எந்தப் பெட்டியில் ஆரம்பிக்கலாம் என்றும் கேட்டிருந்தார், அதை யாரும் தொடவில்லை. அம்மா, இந்தியத் தேனீ வளர்ப்பதாக இருந்தால் நியூட்டன் பெட்டியிலேயே ஆரம்பியுங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1910-ஐ ஒட்டி இந்தத் தேனீயின் அளவுக்கென்றே வடிவமைத்தது அது. புழு வளரும் கீழடுக்கான புழு அறையில் ஏழு சட்டம், சின்னப் பெட்டி, ஒரே ஆள் தூக்கி வைக்கலாம். தேனறைச் சட்டத்தைப் பிழியும் கருவியில் சுற்றித் தேன் எடுத்துவிட்டு, அடையை உடைக்காமல் திரும்ப வைக்கலாம். தேனீக்கு மெழுகு வேலை மிச்சம். சட்டமோ கருவியோ வேண்டுமென்றால் மார்த்தாண்டத்தில் கிடைக்கும். லாங்ஸ்ட்ராத் இத்தாலியத் தேனீக்கான பெட்டி. பத்துச் சட்டம் போட்ட அந்தப் பெரிய அறையை நம் தேனீக் கூட்டம் நிரப்பத் திணறும்.

விட்டப்பெட்டி மலிவு, பழைய பலகையிலேயே செய்யலாம். கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய அளவு விட்டத்தின் அகலம். கென்யாவில் 32 மி.மீ. வைக்கிறார்கள், நம் தேனீ சிறியது, அதனால் நான் 30 வைக்கிறேன். அகலம் கூடினால் அடை நேராக வராது, பக்கத்து விட்டத்தையும் சேர்த்துக் கட்டிவிடும். தேன் எடுக்க அடையை அறுத்துத்தான் பிழிய வேண்டும்.

நான் முதன்முதலில் அதைத் திறந்தது ஒரு சித்திரை மதியம். சட்டத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கத்தில் விட்டத்தையும் படுக்கைவசமாகச் சாய்த்தேன். வெயிலில் இளகியிருந்த புது அடை ஓசையே இல்லாமல் விட்டத்தை விட்டுக் கழன்று என் காலடியில் விழுந்தது. புழுவும் முட்டையும் நிரம்பிய அடை. அடுத்த வாரம் அந்தக் கூட்டம் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது. சட்டம் என்ற நினைப்போடு விட்டத்தைத் தூக்கினால் இதுதான் நடக்கும். அதனால்தான் பெயரில் சட்டம் வரவே கூடாது என்கிறேன்.

பதிவுக்கு இப்படி எழுதலாம்: "விட்டப்பெட்டி: சட்டம் இல்லாமல், குறுக்கே அடுக்கிய விட்டங்களில் தேனீக்கள் அடை கட்டும் பெட்டி."

மாற்றுக் கருத்து இருந்தால் வெள்ளிக்குள் எழுதுங்கள். அந்தத் தம்பி ஆசாரியிடம் மறுபடி போகிறார், இந்த முறை அளவைத் தாளில் எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். தாளின் தலைப்பில் ஒரு பெயர் போட வேண்டும்.

அன்புடன்,
குலசேகரத்திலிருந்து