பழைய ஸ்விஃப்ட்டில் அலாய் வீல் மாட்டிய பிறகு 80-இல் ஸ்டீயரிங் ஆடுகிறது. அடுத்து என்ன மாற்றலாம்? (காரைக்குடி பக்கம்)

கோட்டையூர் ஸ்விஃப்ட்:

எல்லாருக்கும் வணக்கம். அம்மான் ஓட்டிக்கொண்டிருந்த 2008 ஸ்விஃப்ட் எல்எக்ஸ்ஐ, 1.3 பெட்ரோல், இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்தாயிற்று, 2028 வரை ஓடும். கார் மாடிஃபிகேஷன் மேல் ரொம்ப நாளாக ஆசை. வேலைக்குப் போய்ச் சேர்த்ததில் 30,000 ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

முதல் வேலையாக மதுரையில் செகண்ட்ஹேண்ட் 14 இஞ்ச் அலாய் நாலு வாங்கி, புது 185/70 ஆர்14 டயர் போட்டேன். பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனால் திருமயம் ரோட்டில் 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கடகடவென்று ஆடுகிறது. 100-க்கு மேல் கொஞ்சம் குறைகிறது. வீல் பேலன்சிங் பார்த்தார்கள், மெஷினில் சைபர் காட்டுகிறது. வேறொரு கடையிலும் அதே பதில்தான்: "வீலில் குறையே இல்லை."

இது சரியானதும் ஸ்பிரிங்கை வெட்டி இறக்குவது, கோன் ஃபில்டர் (கூம்பு வடிவத் திறந்த ஏர் ஃபில்டர்), சைலன்சரை நேர்க் குழாயாக மாற்றுவது, 100/90 வாட் ஹெட்லைட் பல்பு, பிறகு ஒரு நாள் 17 இஞ்ச் வீல் என்று பட்டியல் வைத்திருக்கிறேன். எதை முதலில் செய்யலாம்? அப்பத்தாவை மாதாமாதம் திருச்சி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் இதே காரில்தான், அதனால் காரை நாள்கணக்கில் பட்டறையில் போட்டுவைக்க முடியாது.

திருமயம் ரோடு:

தம்பி, மூன்று கேள்வி. பிரேக் பிடிக்கும்போது ஆட்டம் கூடுகிறதா? பழைய இரும்பு வீல் இன்னும் கையில் இருக்கிறதா? அலாய் மாட்டும்போது நட்டை எதை வைத்து இறுக்கினார்கள்?

கோட்டையூர் ஸ்விஃப்ட்:

பிரேக்கில் எந்த மாற்றமும் இல்லை அண்ணே. பழைய வீல் மச்சில் இருக்கிறது, டயரோடு. நட்டை ஏர் கன் வைத்துத்தான் அடித்தார்கள், கார் தரையில் நிற்கும்போதே.

லேத்துப் பட்டறை:

பிரேக்கில் கூடவில்லை என்றால் டிஸ்க் கோணல் இல்லை. இரும்பு வீல் நாலையும் மாட்டி அதே ரோட்டில் ஒரு முறை போய் வாருங்கள். ஆட்டம் போய்விட்டால் குற்றம் அலாயில், அல்லது அது உட்காரும் விதத்தில். அப்புறம் ஒரு வெர்னியர் (மி.மீ.க்கும் கீழே அளக்கிற கருவி) எடுத்து அலாயின் நடு ஓட்டையை அளந்து சொல்லுங்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

காரணம் இதுதான். உங்கள் ஸ்விஃப்ட்டில் ஹப்பின், அதாவது காரில் வீல் போய் உட்காரும் பாகத்தின், நடு வளையம் 54.1 மி.மீ. கம்பெனி வீலின் ஓட்டையும் அதே அளவு, அதனால் வீல் ஹப்பின் மேல் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். நட்டுக்கு இறுக்குகிற வேலை மட்டும்தான். வெளியில் விற்கிற அலாய் பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக ஓட்டையைப் பெரிதாக விட்டிருப்பார்கள், பெரும்பாலும் 73.1 மி.மீ. நாலு போல்ட் இடைவெளி 100 மி.மீ. என்று பொருந்திவிட்டால் கடைக்காரர் மாட்டிவிடுவார். ஆனால் நடுவில் பிடிப்பு இல்லாமல் வீல் நட்டில் மட்டும் தொங்குகிறது. காரின் எடை டயர் மேல் இருக்கும்போது ஏர் கன்னில் அடித்தால் வீல் அரை மி.மீ. தள்ளி உட்கார்ந்தாலும் தெரியாது. அந்த அரை மி.மீ. 80-இல் ஸ்டீயரிங்குக்கு வந்து சேரும்.

மெஷின் சைபர் காட்டியதும் பொய் இல்லை. பேலன்சிங் மெஷினில் வீலை நடு ஓட்டையில் கூம்பு வைத்து மையப்படுத்துவார்கள். அங்கே அது சரியாக நடுவில் சுற்றுகிறது. காரில் நடுவில் சுற்றவில்லை. கடைக்காரர் சொன்னதும் சரி, நீங்கள் உணர்வதும் சரி.

ஓட்டை பெரிதாக இருந்தால் இடைவெளியை அடைக்கிற ஹப் ரிங் வாங்குங்கள், வெளி அளவு உங்கள் அலாயின் ஓட்டை, உள் அளவு 54.1. சின்னச் செலவுதான். போடுவதற்கு முன் ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேயுங்கள். ஜாக்கியில் தூக்கி, டயர் தரையில் படாத நிலையில் நட்டைக் கையால் திருகி, குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கீழே இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சில் (எவ்வளவு இறுக்கம் என்று அளந்து இறுக்குகிற ஸ்பேனர்) 85 நியூட்டன் மீட்டர். ஏர் கன் வேண்டாம். இந்த ஹாபிக்கு நீங்கள் வாங்க வேண்டிய முதல் பொருள் டார்க் ரெஞ்ச். இரண்டாவது, காரைத் தாங்கும் ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் தலையை விடக்கூடாது, இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

சிக்ரி பக்கம்:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ரிங்கில் பிளாஸ்டிக், அலுமினியம் இரண்டும் கிடைக்கும். இரும்பு ஹப்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டே இருந்தால் அலுமினியம்தான் அரிக்கும், வெள்ளையாகப் பொடி பூத்து வீல் ஹப்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பஞ்சர் ஆன இடத்தில் உதைத்தாலும் கழலாது. ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் (ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கிற பசை) மெல்லிசாகத் தடவுங்கள். போல்ட் மரையிலும் நட்டு உட்காருமிடத்திலும் படவே கூடாது, பட்டால் 85 என்று இறுக்கியது நிஜத்தில் அதற்கு மேல் போய்விடும்.

பள்ளத்தூர் ஆச்சி:

தம்பி, உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. இன்சூரன்ஸ் க்ளெய்ம் வேலையில் இருக்கிறேன்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரங்களிலிருந்து ஆர்.சி. மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இல்லையென்றால் இரண்டுமே கூட வரலாம். நிறம் மாற்ற ஆசை என்றால் ஆர்.டி.ஓ.விடம் எழுதிக்கொடுத்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012-இலேயே தடை செய்தது.

சைலன்சரை நேர்க் குழாயாக்கும்போது, புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் பல இடங்களில் எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்தால் புகைச் சான்றிதழில் இடிக்கும், 2028-இல் ஆர்.சி.யைப் புதுப்பிக்கிறபோது எஃப்.சி.யிலும் இடிக்கும். நீங்கள் போட்ட டயர் அதே ஸ்விஃப்ட்டின் இசட்எக்ஸ்ஐ மாடலுக்குக் கம்பெனி கொடுத்த அளவு, அதில் பயமில்லை. அலாய் போட்டதை மட்டும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

திருமயம் ரோடு:

ஆச்சி சொன்னது சட்டம். நான் ரோட்டைச் சொல்கிறேன். ஸ்பிரிங் வெட்டவே வேண்டாம். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கும், வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது, பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது நகர்ந்துவிடும். ஷாக் அப்சார்பரும் அடி தட்டிச் சீக்கிரம் போகும். நம் பக்கம் ஊருக்கு ஊர் வேகத்தடை, உட்கிராமத்துக்குப் போனால் செம்மண் பாதை. வயதானவர்கள் பின்சீட்டில் இருக்கிற காருக்கு இது ஆகாது.

17 இஞ்ச் கணக்கையும் பார்த்துவிடுங்கள். உங்கள் பழைய 165/80 ஆர்14-இன் உயரம் 620 மி.மீ. 205/40 ஆர்17 போட்டால் 596. கார் 12 மி.மீ. தாழும். டயரின் பக்கச் சுவர் 132-லிருந்து 82 மி.மீ.க்கு வந்துவிடும், ஒரு குழி போதும் ரிம் வளைய.

கோன் ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கிற சூட்டுக் காற்றை இழுக்கும். வெளியே 35 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி 7-8 சதவீதம் குறைவு. சத்தம் கூடும், இழுவை கூடாது. செம்மண் தூசிக்குக் கம்பெனி பேப்பர் ஃபில்டரை அடிக்கடி மாற்றுவதே மேல்.

100/90 பல்புக்குப் பதிலாக, 60/55 எச்4 பல்பையே வைத்துக்கொண்டு பல்பு சாக்கெட்டில் வோல்டேஜ் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14 இருந்து சாக்கெட்டில் 12.6 இருந்தால் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வயரிலேயே போகிறது என்று அர்த்தம். பேட்டரியிலிருந்து ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து நல்ல தடிமனான வயர் இழுத்தால் அதே பல்பு ஜொலிக்கும். இதுதான் நீங்களே உட்கார்ந்து செய்து பழகக்கூடிய நல்ல முதல் மாடிஃபிகேஷன்.

மிச்சப் பணத்தை சஸ்பென்ஷனில் தேய்கிற லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட், அப்புறம் பிரேக் பேட், புது பிரேக் ஆயில் இவற்றில் போடுங்கள். தரை மட்டம் பார்க்காமல் ஆத்தங்குடிக் கல் பதிக்க மாட்டோம் இல்லையா. முனீஸ்வரன் கோவில் தெருவில் பித்தளைச் சாமான் பழசாக வாங்கலாம். பிரேக் சாமான் எங்கேயுமே பழசாக வாங்காதீர்கள்.

கோட்டையூர் ஸ்விஃப்ட்:

எல்லாருக்கும் நன்றி. இரும்பு வீல் மாட்டிப் பார்த்தேன், ஆட்டம் சுத்தமாக இல்லை. அலாய் ஓட்டை 73.1, அப்படியே நீங்கள் சொன்ன அளவு. திருச்சியில் அலுமினியம் ரிங் கிடைத்தது. ஹப்பைத் தேய்த்து, தூக்கி வைத்து இறுக்கி மாட்டினேன். திருமயம் வரை 80, 90, 100 மூன்றிலும் ஸ்டீயரிங் கல் மாதிரி நிற்கிறது!

ஸ்பிரிங், கோன் ஃபில்டர், குழாய், 17 இஞ்ச் நான்கையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். ரிலே வேலை அடுத்து. இப்போது வேறொன்று கேட்கிறது: வேகத்தடையில் மெதுவாக ஏறும்போது முன்பக்கம் இடதில் 'டொக்' என்று ஒரு சத்தம். இதுவும் வீல் மாற்றியதாலா?

லேத்துப் பட்டறை:

வீலால் இல்லை, முன்பே இருந்திருக்கும், ஆட்டத்தில் கேட்டிருக்காது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறும்போது சத்தம் வந்தால் லிங்க் ராடை முதலில் பாருங்கள். கார் தரையில் நிற்கையில் அதைக் கையால் பிடித்து உலுக்கினாலே ஆட்டம் தெரியும். அங்கே ஒன்றும் இல்லை என்றால், ஒருவரை நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பச் சொல்லிவிட்டு ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக் அப்சார்பரின் மேல் முனையைத் தாங்குகிற பாகம்) மேல் கை வையுங்கள், ஸ்பிரிங் பக்கம் விரல் போகாமல். லிங்க் ராடு மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். அப்புறம், ரிங் போட்டு 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி 85-க்குச் சரிபார்க்க வேண்டும், திருச்சிக்குக் கிளம்பும் முன்னால் பார்த்துவிடுங்கள்.